உப்பு, கரி, ஒரு மூச்சு

சென்ற வாரம் சந்தாபுராவில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். குடிநீர் மிஷினுக்கு ஃபில்டர் மாற்றுவதுதான் என் பிழைப்பு. பழைய ஃபில்டரைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, அதைப் போடக் கவர் கேட்கலாம் என்று ஹாலுக்கு வந்தேன். அந்த வீட்டுப் பையன், கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவன், சோபாவில் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தான். எதிரே என் உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர்கள்.

“அங்கிள், ஒரு நிமிஷம் இருக்கா? இதக் கேளுங்களேன்.”

பாட்டுப் போடப் போகிறான் என்று நின்றேன். அவன் ஒரு பொத்தானைத் தட்டிவிட்டு உதட்டில் விரலை வைத்தான். பத்து விநாடி போயிற்று. இருபது போயிற்று.

“கேட்டுச்சா?”

“இல்லையே தம்பி.”

“அதான் அங்கிள்! ஒண்ணுமே கேக்கல பாத்தீங்களா!”

செட் ஓடிக்கொண்டுதான் இருக்கிறதாம். ஆனாலும் அதிலிருந்து துளிச் சத்தம் இல்லை. அதற்குக் காரணம் தரையில் இருந்த ஒரு மரப்பெட்டி. ஆம்ப்ளிஃபயரின் முதுகிலிருந்து ஒரு தடித்த வயர் அதற்குள் போயிற்று. உள்ளே ஏதோ தாதுப்பொடியாம். கரண்டில் இருக்கிற அழுக்கையெல்லாம் அது உறிஞ்சிவிடுமாம். தண்ணீரில் இருக்கிற அழுக்கை உறிஞ்ச வைப்பவன் நான். தொழில் பாசத்தில், “எத்தனை மாசத்துக்கு ஒருதரம் மாத்தணும் தம்பி?” என்று கேட்டுவிட்டேன். பையன் முகம் சுருங்கிவிட்டது.

அப்போதுதான் கையிலிருந்த ஃபில்டரின் வாசனை மூக்கில் ஏறியது. கார்பன் ஃபில்டர் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னாலும் உள்ளே இருப்பது கரி. ஈரக் கரி. அந்த வாசனைக்கும் அந்தப் பெட்டிக்கும் நடுவில் நின்றவனுக்குக் குணாவின் குழி ஞாபகம் வராமல் எப்படி இருக்கும்?

நான் ஆம்பூர் பக்கத்திலிருந்து இந்தக் கன்னட ஊருக்கு வேலைக்கு வந்த புதிது. ஈஜிபுராவில் ஒரு வட்டாராவில் குடியிருந்தோம். ஒரே முற்றத்தைப் பார்த்தபடி ரயில் பெட்டி மாதிரி வரிசையாக வீடுகள் இருந்தால் அதை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். ஆறு வீடுகள், நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்கள். மூன்றாம் வீட்டில் சுவிட்ச் போட்டால் ஐந்தாம் வீட்டில் “கரண்ட் வந்துடுச்சா?” என்பார்கள். எங்கள் அறையில் மூன்று பேர்: நான், தருமபுரிக்காரன் குணா, அப்புறம் சிவா. சிவாவுக்கு இந்தக் கதையில் ஒரே ஒரு வேலைதான் உண்டு, அது பிறகு வரும்.

குணா ஒரு கம்பெனியில் சாயங்கால ஷிப்ட். பகல் முழுக்க வீட்டில் இருப்பான். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் தரையில் விரித்துப் போட்டு விற்பவரிடம் ஒரு பழைய ஆம்ப்ளிஃபயரும் ஜோடி ஸ்பீக்கரும் வாங்கி வந்தான். நான்தான் தோளில் சுமந்தேன், அதனால் அதன் தரம் எனக்கு நன்றாகத் தெரியும்; நல்ல கனம்.

அதில் ஒரு சத்தம் இருந்தது. பாட்டுப் போடாவிட்டாலும், சும்மா ஆன் செய்தாலே, “ம்ம்ம்ம்” என்று வரும். நாம் கதை சொல்ல, எதிரே இருப்பவர் உம் கொட்டுவாரே, அப்படி. எனக்கு அது பிடித்தே இருந்தது. அந்தக் காலத்தில் நான் சொல்வதற்கு உம் கொட்ட வேறு யாரும் இல்லை. ஆனால் குணாவுக்கு அது காதில் விழுந்த கல்.

காரணம் ஒரு மூச்சு. எங்கோ ஒரு ஹோட்டலில் ஆடியோ கண்காட்சி நடந்தபோது, ஏசி காற்றுக்காக உள்ளே போனவன், ஒரு பழைய பாட்டைப் பெரிய செட்டில் கேட்டிருக்கிறான். அவன் ஆயிரம் தடவை டீக்கடையில் கேட்ட பாட்டுதான். ஆனால் அங்கே, பல்லவியைப் பாடத் தொடங்குவதற்கு முன்னால், பாடகி மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டதாம். “மச்சி, அந்தம்மா பக்கத்துல நிக்கற மாதிரி இருந்துச்சுடா. பாட்டு அப்புறம்டா. அந்த மூச்சு... அந்த மூச்ச நம்ம வீட்ல கேக்கணும்.” எங்கள் வீட்டில் அந்த இடத்தில் “ம்ம்ம்ம்” தான் கேட்டது.

இந்த இடத்தில் என் குற்றத்தையும் சொல்லிவிடுகிறேன். அவன் ஒவ்வொன்றாக மாற்றினான். வயரை மாற்றினான், பிளக்கைத் திருப்பிச் செருகினான், ஆம்ப்ளிஃபயரின் அடியில் டென்னிஸ் பந்தை அறுத்து வைத்தான். ஒவ்வொரு தடவையும் என்னை உட்கார வைத்து, “வித்தியாசம் தெரியுதா?” என்பான். எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் ஒருவன் அப்படி முகத்தை வைத்துக்கொண்டு கேட்டால் எப்படி இல்லை என்பது? “தெரியுதுடா, கொஞ்சம் திறந்தாப்ல இருக்கு” என்பேன். திறந்தாப்ல என்றால் என்ன என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை நம்பி அவன் அடுத்த வயருக்குப் போய்விடுவான்.

கடைசியில் எலெக்ட்ரீஷியன் பாபு வந்தார். சிவாஜிநகர்க்காரர், பீடியைப் பற்றவைக்காமல் வாயில் வைத்துக்கொண்டே பேசுவார். மீட்டருக்குப் பக்கத்தில் ஒரு வயரைப் பிடித்து அதன் வழியே நடந்தார். முற்றம், குளியலறை, பின்சுவர். அங்கே நின்று சிரித்தார்.

“சத்தம் ஏன்னு தெரிஞ்சுபோச்சு. இந்த வட்டாராவுக்கே எர்த் இல்ல சார்.”

“எப்படி? வயர் இருக்கே?”

“வயர் கீது. அந்தக் காலத்துல தண்ணி பைப்புல கட்டியிருக்கான். அப்ப அது இரும்பு. இப்ப ஓனரம்மா பிளாஸ்டிக் போட்டாச்சு. பிளாஸ்டிக்குக்குப் பூமின்னா இன்னான்னே தெரியாது சார்.”

நான் அதை அன்றைக்கே ஒரு ரசீதின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டேன். மனிதர்கள் சொல்வதை எழுதி வைக்கும் வியாதி எனக்கு அப்போதே உண்டு.

பரிகாரமும் பாபுவே சொன்னார். முற்றத்தில் ஆறடிக் குழி, நடுவில் இரும்புக் குழாய், சுற்றிலும் கல்லுப்பு ஒரு அடுக்கு, அடுப்புக்கரி ஒரு அடுக்கு. தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும். காய்ந்தால் வேலைக்கு ஆகாது.

ஓனரம்மா பெயர் ஜெயம்மா. முதல் வீட்டில் இருந்தார். கன்னடக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார், கோபம் வந்தால் மட்டும் தாய்மொழிக்குப் போய்விடுவார்.

“ஏனப்பா இது? பாட்டு கேக்கறதுக்கு குழி தோண்டணுமா?”

“சத்தம் வருதும்மா.”

“பாட்டுன்னா சத்தம் வராதா?”

குணா பாபுவைத் திரும்பிப் பார்த்தான். தன் கிரைண்டர் தொட்டால் சுர்ரென்கிறது என்று ஜெயம்மாவுக்கு ஒரு குறை இருந்தது. எர்த் போட்டால் அது போய்விடும் என்று பாபு எடுத்துச் சொன்னதும் ஒத்துக்கொண்டார்.

குழி தோண்டும்போதுதான் சிக்கல் வந்தது. நாலடி போயிருப்போம். ஜெயம்மா வெளியே வந்து பார்த்தார். குழியின் நீளத்தைப் பார்த்தார். ஓரத்தில் இருந்த இரண்டு மூட்டை உப்பைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார்.

“மூணாவது ஹுடுகா எங்கே? அந்தப் பையன் எங்கே?”

சிவா மஞ்சள் காமாலை என்று ஊருக்குப் போய் நான்கு நாள் ஆகியிருந்தது. ஊருக்குப் போயிருக்கிறான் என்று நாங்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில், ஒரே வேகத்தில் சொன்னோம். அதுதான் தப்பாகப் போயிற்று. ஆறு வீட்டு ஜனமும் முற்றத்துக்கு வந்துவிட்டது. சிவாவுக்குப் போன் போட்டு ஜெயம்மாவிடம் கொடுத்தோம்.

“நீ சிவாவா? நிஜவாகலு? சரி, உங்க பாத்ரூம் கதவு என்ன கலரு சொல்லு.”

கூட்டம் மூச்சுப் பிடித்து நின்றது. போனில் சிவாவின் குரல் எல்லோருக்கும் கேட்டது: “கதவு எங்கம்மா இருக்கு? ஒரு வருஷமா துணிதான தொங்குது!”

“ஆயித்து. உயிரோடதான் இருக்கான்” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார். சிவாவின் வேலை இத்தோடு முடிந்தது. கதவு மட்டும் கடைசிவரை வரவில்லை.

குழியை மூடிக் குழாயின் வாயில் ஒரு புனலை நிற்க வைத்தோம். கோடைக்காலம். தண்ணீர் லாரி இரண்டு நாளுக்கு ஒருமுறை வரும். குடத்துக்குக் குடம் சண்டை. அதில் போய் மண்ணுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன் என்றால் அடிதான் விழும். ஜெயம்மாதான் வழி கண்டுபிடித்தார். வீட்டுக்கு ஒரு சொம்பு அரிசி கழுவிய தண்ணீர், முறை வைத்து ஊற்ற வேண்டும். திங்கட்கிழமை முதல் வீடு, செவ்வாய் இரண்டாம் வீடு என்று. வெள்ளிக்கிழமை முறைக்காரர்கள் புனலுக்கு மஞ்சள் தடவிவிட்டார்கள். கேட்டதற்கு, “வெறுமனே ஊத்துனா நல்லாவா இருக்கு?” என்றார்கள். அடுத்த வெள்ளிக்குக் குங்குமமும் ஏறியது. முற்றமெங்கும் ஈரக் கரியும் அரிசித் தண்ணீரும் கலந்த ஒரு வாசனை. புது ஆள் யாராவது வந்தால் செருப்பைக் கழற்றிவிட்டு அந்தப் பக்கம் போனார்கள்.

பாபு வயரைக் கட்டினார். குணா செட்டை ஆன் செய்தான். “ம்ம்ம்ம்” இல்லை. போயே போய்விட்டது. குணா ஸ்பீக்கரில் காதை வைத்துப் பார்த்தான். கண்ணெல்லாம் நிறைந்துவிட்டது அவனுக்கு. “தெரியுதாடா?” என்றான். வாழ்க்கையில் முதல்தடவையாக எனக்கும் நிஜமாகவே தெரிந்தது. சொல்ல வாயைத் திறந்தேன்.

சுவருக்கு அந்தப் பக்கம் குழந்தை வீல் என்றது.

பக்கத்து வீடு சாந்தி அக்காவுடையது. புருஷன் ஆட்டோ ஓட்டினார். அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பார். ஏழு மாதக் குழந்தை, பெயர் மோனிஷா. மத்தியானம் அது தூங்கும் மூன்று மணி நேரத்தில்தான் அக்காவின் தொழில். அன்றைக்கு அது தூங்கவில்லை. மறுநாளும் தூங்கவில்லை. மூன்றாம் நாள் அக்கா கலைந்த தலையும் கழுத்தில் இஞ்சு டேப்புமாக எங்கள் வாசலில் வந்து நின்றார்.

“இன்னாபா, அந்த ம்ம்ம்-ஐ எங்க தொலைச்சீங்க?”

“எதக்கா?”

“உங்க பொட்டில வருமே! அது கேட்டாத்தான் எம் பொண்ணு தூங்கும். பொறந்ததுலேர்ந்து அதான் அவளுக்குத் தாலாட்டு. நான் பாடினா அழுவுது. அவங்கப்பா பாடினா இன்னும் அழுவுது. மூணு நாளா ஒரு கை தைக்கல நான்.”

குணா திரும்பிச் செட்டைப் பார்த்தான். பாவம், ஆறடி தோண்டி அவன் ஒழித்துக்கட்டியது இன்னொரு வீட்டுத் தாலாட்டு. அக்கா பிடித்த பிடியை விடவில்லை: “சத்தத்த நிறுத்தத் தெரிஞ்ச ஆளுக்குத் திருப்பி வரவைக்கத் தெரியாதா?”

தெரியும். எர்த் வயரைக் கழற்றினால் வந்துவிடும். பாபு மறுபடி வந்தார். விஷயத்தைக் கேட்டு, வாயிலிருந்த பீடியைக் கையில் எடுத்துவிட்டார்; அதற்கு முன் அப்படி அவர் செய்து நான் பார்த்ததில்லை. “முப்பது வருஷமா எர்த் போடறேன் சார். எர்த்த ஆஃப் பண்ண சுவிட்ச் கேட்ட மொத வூடு இதுதான். செய்யக் கூடாத வேலை இது. குயந்தைக்காகப் போடறேன். ஆஃப்ல இருக்கறப்போ பொட்டி மேல மட்டும் கைய வெச்சுடாதீங்க.”

இப்படித்தான் எங்கள் சுவரில் பாப்பா சுவிட்ச் வந்தது. மத்தியானம் ஒன்று முதல் நான்கு வரை பூமியைத் துண்டித்து வைப்போம். சுவரில் இரண்டு தட்டு தட்டினால் “பாப்பா படுத்தாச்சு, போடு” என்று அர்த்தம். ஒரு தட்டு என்றால் “எழுந்துட்டா, உன் பாட்ட நீ கேளு”. இவ்வளவு நாள் அந்தச் சத்தத்தை விரட்டியவன், இப்போது தினம் ஒரு மணிக்கு ஆபீஸ் வேலை போல உட்கார்ந்து அதை ஆன் செய்தான். ஒருநாள் ம்ம்ம் கொஞ்சம் சன்னமாக வருகிறது என்று அக்கா குறை சொன்னதற்கு, அன்று முழுக்க முகம் வாடிக் கிடந்தான்.

எர்த் நன்றாக இருக்கிறது என்ற பெயர் பரவியது. ஜெயம்மாவைத் தொடர்ந்து ஒவ்வொரு வீடும் கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் அந்தக் குழிக்கே கட்டிக்கொண்டது. விளைவு, ஆறு வீட்டுச் சமாச்சாரமும் வயர் வழியாக வந்து எங்கள் ஸ்பீக்கரில் கரகரத்தது. குணா கண்ணை மூடிக்கொண்டே, “இது நாலாம் வீட்டு மிக்ஸி. தேங்காச் சட்னி” என்பான். போய்ப் பார்த்தால் தேங்காய்ச் சட்னிதான் இருக்கும். வேறு ஆளாக இருந்தால் ஜோசியம் சொல்லப் போயிருப்பான். இவனோ மூச்சைத் தேடுகிறவன். கடைசியில் எங்கேயோ ஆர்டர் போட்டு ஒரு மரப்பெட்டி வரவழைத்தான். சந்தாபுராப் பையனிடம் பார்த்தேனே, அதன் ஏழைத் தம்பி. செட்டுக்குத் தனியாக, சொந்தமாக, ஒரு சின்னப் பூமி மாதிரி என்றான். பெட்டியைக் கட்டிவிட்டு, வழக்கம்போல, “தெரியுதா?” என்றான். நான் வழக்கம்போலச் சொன்னேன். ஸ்பீக்கர் சட்னி அரைத்துக்கொண்டிருந்தது.

பெட்டியால் ஆகாததை ஜெயம்மா செய்தார். “அஞ்சு நிமிஷம் எல்லாரும் எல்லாத்தையும் ஆஃப் பண்ணுங்க. அந்த மூச்சு என்னதான்னு பார்த்துடலாம்” என்று உத்தரவு போட்டார். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. ஆறு வீட்டிலும் கிரைண்டர், ஃபிரிட்ஜ், மோட்டார், டிவி எல்லாம் நின்றன. அன்றைக்கு முறைக்காரர்கள் என்று யாரும் இல்லை, ஆளுக்கொரு சொம்பு கொண்டு வந்து குழிக்கு ஊற்றினார்கள். சேமியா பாயசம்கூட வந்தது. எங்கள் பத்துக்குப் பத்து அறையில் பதினேழு பேர். பாபுவும் வந்திருந்தார், தலைக்கு எண்ணெய் வைத்து வாரி.

சாந்தி அக்கா முன்வரிசைக்காரர். “உங்க பாட்டுக்காக மூணு நாள் தொழிலு விட்டவ நானு” என்று ஸ்பீக்கர் முன்னால் சப்பணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். மோனிஷா கதவோரம் நின்ற என் கைக்கு வந்தாள். கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தாள், தூக்கக் கலக்கம்.

“பாட்டு ஆரம்பிக்கறதுக்கு முன்னாடிதான் வரும். கண்ண மூடிக்குங்க” என்றான் குணா. இத்தனை மாதப் பாடு, குழி, உப்பு, கரி, ஊரார் சொம்பு எல்லாம் அந்த ஒரு விநாடிக்காக.

ஆன் செய்தான். முன்னிசை வந்தது, வயலின்கள் வந்து ஓய்ந்தன. பல்லவிக்கு முந்தைய இடைவெளி. ஈஜிபுராவில் அப்படி ஒரு அமைதியை நான் அதற்கு முன்னும் கேட்டதில்லை, பின்னும் கேட்டதில்லை.

அந்த அமைதியில் அவளுடைய ம்ம்ம் இல்லை என்பதை என் கையிலிருந்தவள் கண்டுகொண்டாள். உள்ளங்கையில் அவள் விலா எலும்பு விரிந்தது எனக்குத் தெரிந்தது. வாய் திறந்தது. அழுவதற்காக, நீளமாக, நடுக்கத்தோடு, ஒரு மூச்சை உள்ளே இழுத்தாள்.

“கேட்டுச்சு!” என்றான் குணா.

“எனக்கும் கேட்டுச்சுபா!” என்றார் சாந்தி அக்கா. “தேவரே!” என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார் ஜெயம்மா. பாபு கையை மேலே தூக்கிக் கும்பிட்டார். பதினேழு பேரும் ஒரே கூச்சல். அந்தக் கூச்சலில் பல்லவியும் போயிற்று, அதே சமயம் மோனிஷா விட்ட அலறலும் போயிற்று. குணா ஸ்பீக்கரைக் கட்டிக்கொண்டு அழுதான். அறையில் கண்ணைத் திறந்து வைத்திருந்த ஒரே ஆள் நான்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைத் தேடினான். “மச்சி, தெரிஞ்சுதா?”

“தெரிஞ்சுதுடா” என்றேன். “திறந்தாப்ல இருந்துச்சு.”

பிறகு ஒருமுறை போட்டுப் பார்த்திருக்கலாம் அல்லவா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் அந்தப் பயத்தோடுதான் இருந்தேன். அவன் போடவே இல்லை. “ஒரு தடவ போதும்டா” என்றுவிட்டான். நான்கு மாதத்தில் கோயமுத்தூருக்கு மாற்றலாகிப் போனான். செட்டைச் சாந்தி அக்காவிடம் கொடுத்தான், பாட்டுக்கு அல்ல, ம்ம்ம்-க்கு. மரப்பெட்டியை ஜெயம்மா கேட்டு வாங்கிக்கொண்டார். அதன்மேல் உட்கார்ந்து கீரை ஆய்வார்.

சந்தாபுராப் பையனிடம் அந்தப் பாட்டின் பெயரைச் சொல்லி, இருக்கிறதா என்று கேட்டேன். மூன்று விநாடியில் வந்தது. முன்னிசை, வயலின்கள், இடைவெளி. அவன் வீட்டு அமைதிக்கு ஒரு குறையும் சொல்ல முடியாது. காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். நேராகப் பல்லவி வந்துவிட்டது.

“தம்பி, பாடறதுக்கு முன்னாடி ஒரு மூச்சு வரணுமே?”

“அதெல்லாம் க்ளீன் பண்ணிட்டாங்க அங்கிள். இது புது வெர்ஷன். பழசுல இருந்த மூச்சு, இருமல், கொரகொரப்பு எல்லாத்தையும் எடுத்துட்டாங்க.” அவன் பெருமையாகச் சொன்னான்.

வரும் வழியில் ஈஜிபுரா பக்கம் வண்டியைத் திருப்பினேன். வட்டாரா இல்லை. ஐந்து மாடியில் லேடீஸ் ஹாஸ்டல் நிற்கிறது. குழி இருந்த இடத்தில் லிஃப்ட். அதற்கு எர்த் எங்கே போட்டிருக்கிறார்கள் என்று வாட்ச்மேனிடம் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். ஜெயம்மா இப்போது இல்லை. சாந்தி அக்கா குடும்பம் ஓசூர் பக்கம் போய்விட்டது என்றார்கள். மோனிஷா காலேஜ் போகிற வயது. ஒரு பாடகிக்காக ஒரு தடவை தான் மூச்சு இழுத்தது அவளுக்குத் தெரியாது.

ஓரமாக நின்று குணாவுக்குப் போன் போட்டேன். பாட்டிலிருந்து மூச்சை எடுத்துவிட்ட விஷயத்தைச் சொன்னேன். இன்று சொல்லிவிடலாம் என்று உண்மையும் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

“எடுத்தா எடுத்துட்டுப் போறாங்க மச்சி. நாம கேட்டோம்ல?” என்றான். “நீயும் கேட்டதான?”

“கேட்டேன்டா. என் கைக்குள்ளயே கேட்ட மாதிரி இருந்துச்சு.”

போனில் அவன், “ம்ம்ம்” என்றான்.